கேள்வி கேட்கச் சொன்ன பாய்லர்

தன் அறியாமையைத் தினமும் தானே சோதித்துப் பார்த்து, அதற்குச் சாட்சியாக அக்கம்பக்கத்தில் இருக்கிற அத்தனை பேரையும் கட்டி இழுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பாய்லர். இன்னொருவர் எங்காவது இருந்தால் தயவுசெய்து எனக்கு அறிமுகப்படுத்த வேண்டாம். ஒருவரோடு பட்ட பாடே இந்த ஜன்மத்துக்குப் போதும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் நஞ்சன்கூட்டில் எங்கள் நூல் சாயத் தொழிற்சாலையில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பாய்லர் அறையில் வேலை, அதனால் பாய்லர். ஹனூர் பக்கத்து ஆள், குட்டையான உருவம், பதினெட்டு வருஷமாக அடுப்புக்கு விறகு தள்ளியதில் காய்த்துப்போன கை. நான் அதே தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். இருவரும் மைசூரில் ஒரே நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறி, ஒரே இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவர்கள். இந்தக் கடைசி விவரத்தில்தான் என் கஷ்டகாலம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சாயத் தொட்டிகளுக்கு நீராவி தருவது பாய்லர் இயந்திரம். விறகு தள்ளச் சான்றிதழ் வேண்டாம், அதை இயக்க வேண்டுமானால் அரசாங்கத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அப்படித் தேறியிருந்த பெரியவர் தசராவோடு ஓய்வு பெறப் போகிறார். அதற்குள் நம்மாள் தேறினால் அந்த இடம் அவருக்கு, தேறாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்போம் என்று மேனேஜர் பளிச்சென்று சொல்லிவிட்டார். அப்புறம் ஓய்வு பெறுகிற வரைக்கும் விறகு தள்ள வேண்டியதுதான். நாற்பத்தாறு வயதிலேயே மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார். இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த இடுப்பு தாங்காது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஏற்கெனவே இரண்டு தடவை எழுதித் தோற்றிருந்தார். முதல் தடவை தோற்றதும் மாதேஸ்வரன் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். இரண்டாம் தடவை தோற்றபோது முடி பாதிதான் வளர்ந்திருந்தது. இரண்டு தடவையும் எழுத்துத் தேர்வில் பழுதில்லை. அதிகாரி எதிரே உட்காரவைத்துக் கேட்ட வாய்க்கேள்வியில்தான் விழுந்தார், அதுவும் இரண்டு தடவையும் ஒரே கேள்வியில்.

பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் தண்ணீரே தெரியவில்லை என்றால் முதலில் என்ன செய்வாய்? பம்பைப் போட்டுத் தண்ணீர் விடுவேன் என்றார் நம்மாள். அப்படி விட்டால், காய்ந்து பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டு, பாய்லரும் பதில் சொன்னவரும் சேர்ந்து அடுத்த தாலுக்காவில் போய் விழவேண்டியதுதான். முதலில் நெருப்பை நிறுத்த வேண்டும். இது அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். புத்தகத்தில் எத்தனையாவது பக்கம், மேல் பாதியா கீழ் பாதியா என்பதுகூடத் தெரியும். கேட்டால் மட்டும் வாய் பம்பு என்று சொல்லும்.

அவர் படித்த லட்சணம் அப்படி. புத்தகத்தில் முக்கியமான வரிகளுக்குச் சிவப்பில் கோடு போட்டார். பிறகு மிச்ச வரிகள் வருத்தப்படக் கூடாது என்று அவற்றுக்கும் பச்சையில் போட்டார். தினமும் பஸ்ஸில் என் காதோரம் அதை முதலிலிருந்து சத்தமாக வாசிப்பார். காலை ஷிப்டுக்குப் போகிற மனிதனுக்கு அந்த முக்கால் மணி நேரத் தூக்கம் எத்தனை அருமையானது என்று பஸ்ஸில் போகிறவர்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் பொறுக்க முடியாமல் புத்தகத்தைப் பிடுங்கி மூடினேன்.

"பாக்காம சொல்லுங்க பாக்கலாம். இப்பப் படிச்சது என்ன?"

வாயைத் திறந்தார். மூடினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இறங்குகிற வரைக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு நல்ல தூக்கம் கிடைத்தது. ஆளை மடக்கிவிட்டோம் என்ற பெருமிதத்தோடு இறங்கினேன். அந்த வாய்க்கொழுப்புக்கு ஏழு மாதம் அனுபவித்தேன்.

மறுநாள் காலை ஒரு கட்டுச் சீட்டோடு வந்தார். கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வியைக் கன்னடத்தில் எழுதியிருந்தார். படித்ததெல்லாம் கன்னடப் பள்ளிக்கூடத்தில், பேசுவதுதான் தமிழ். கட்டை என் மடியில் வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னார். தப்பாகச் சொன்ன சீட்டு வலது பைக்குப் போகும், நாளைக்கே மறுபடி வரும். சரியாகச் சொன்னது இடது பைக்குப் போகும், ஒரு வாரம் கழித்து வரும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு விடுதலை கிடையாது என்பது இரண்டாம் நாளே புரிந்துவிட்டது.

இதில் ஒரு சட்டம் வேறு. பதில் தெரியாவிட்டாலும் நாம் சொல்லிவிடக் கூடாது. கேள்வியைக் கேட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், கண்ணை மூடுவார்.

"சொல்லிப்போடாதீங்க சார். பதிலுக்கு நானே வர்றேன்."

அவர் வருகிற வரைக்கும் நான் காத்திருக்க வேண்டும். பஸ் மூன்று நிறுத்தம் தாண்டும், மணிக்கட்டு மரத்துப்போகும், அவர் வரமாட்டார். ஒருதரம் காலையில் கேட்ட கேள்விக்குப் பதினோரு மணிக்கு வந்தார். நான் சாய டிரம்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்டோர் கதவைத் தள்ளி, "ஃபியூசிபிள் பிளக் சார்" என்று, சூடு மிஞ்சினால் உருகிக்கொள்ளும் அடைப்பானின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஓடிப்போனார். எண்பத்திரண்டா எண்பத்து மூன்றா என்பது எனக்கு மறந்துவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாதே, தப்பித்தோம் என்று நினைத்திருந்தேன். விடியற்காலை ஐந்தரைக்குக் கைபேசியில் குரல் பதிவு வந்தது. வெள்ளிக்கிழமை கேட்டதற்குப் பதில். கேட்டுவிட்டுச் சரியா தப்பா என்று சொல்லுங்கள் என்று கீழே ஒரு செய்தி. நான் பதில் போடாவிட்டால் சந்தேகம் வந்து இன்னொரு பதிலை அனுப்புவார். ஆக, போர்வைக்குள் இருந்தபடியே சரி என்று அனுப்பிவிட்டுப் படுக்கப் பழகிக்கொண்டேன்.

பஸ்ஸில் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருநாள் அவர் நீண்ட நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், பின்னாலிருந்த பேக்கிங் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து பதிலைச் சொல்லிவிட்டார்கள். மனிதர் முகம் செத்துப்போயிற்று. கெட்டுப்போன சீட்டு என்று அதை வலது பையில் போட்டுவிட்டார். அதற்கப்புறம் டிரைவரே கண்ணாடியில் பார்த்துக் கன்னடத்தில் எல்லாரையும் அதட்டி அடக்குவார். அடக்கிவிட்டு, அந்தப் பதிலை வாய்க்குள் அவரும் சொல்லிப் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரியும்.

என் தங்கை மகளின் கல்யாண வரவேற்புக்கு அழைத்திருந்தேன். அழைத்தது தப்பு. மாப்பிள்ளை ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், நல்ல மரியாதையான பையன். பாய்லர் மேடையேறி, பரிசைக் கொடுத்து, கையோடு ஒரு சீட்டையும் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை அதை ஏதோ வாழ்த்து என்று நினைத்துப் பவ்யமாகச் சத்தம் போட்டு வாசித்தார். சேஃப்டி வால்வின் வேலை என்ன? பாய்லர் அங்கேயே நின்று கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் வரிசை மண்டப வாசல் வரைக்கும் நீண்டது. ஆல்பத்தில் அந்தப் படம் இன்றைக்கும் இருக்கிறது. என் தங்கை ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆடி மாதத்தில் அவர் மனைவி சட்டையைத் துவைக்கப் போட்டதில் இரண்டு பைச் சீட்டுகளும் கூழாகிவிட்டன. வெளியே சொல்லக்கூடாது, ஆனால் செய்தி கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அடுத்த திங்கட்கிழமை புதுக் கட்டோடு ஏறினார். புத்தகத்தைத் திறக்காமலே அத்தனை கேள்வியையும் ஞாபகத்திலிருந்து எழுதிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. என்னை நினைத்துத்தான்.

வீட்டிலும் நான் கெட்டுப்போயிருந்தேன். ஒருநாள் காலை அடுக்களையில் குக்கர் சீறிக்கொண்டிருந்தது. அழுத்தம் ஏறினால் வால்வு எப்படித் தூக்கிக்கொள்ளும், அது ஏன் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று மனைவிக்கு விளக்கத் தொடங்கினேன். அவள் பருப்பைக் கடைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, மூணு விசில் வந்தா ஆஃப் பண்ணணும். அவ்வளவுதான்."

தேர்வு நாள் வந்தது. பெங்களூருக்குத் துணைக்கு வரமுடியுமா என்று கேட்டார். முடியவே முடியாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, லீவு எழுதிக் கொடுத்தேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

காலை ரயிலில் ஏறியதும் கையை நீட்டினேன். பாய்லர் சீட்டை எடுக்கவில்லை. கொண்டுவரவே இல்லை என்றார். இன்றைக்கு ஒன்று தப்பினாலும் மனசு விட்டுப்போய்விடும், மூன்றாம் தடவையும் போனால் இனி வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியாது என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழு மாதம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு இன்றைக்கு ஓய்வா? மண்டியா வருவதற்குள், சீட்டுக்கட்டில் இருந்த கேள்விகளை முதலிலிருந்து நானே சொல்லிக் கேட்க ஆரம்பித்தேன். ஒன்று விடாமல் எனக்கு மனப்பாடம். அதைக் கண்டு அவரைவிட நான்தான் அதிகம் பயந்துபோனேன். அவரும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். ராமநகரம் தாண்டியபோது ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

பெங்களூரில் வாய்க்கேள்விக்கு உள்ளே போனவர் அரைமணி நேரம் கழித்து, முகம் முழுக்க வேர்வையோடு வெளியே வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அதேதானுங்க சார், கண்ணாடியில தண்ணி தெரியலீன்னா. பம்புன்னு நுனி நாக்குக்கு வந்துருச்சுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்."

அதிகாரி நல்லவர் போலிருக்கிறது. இத்தனை நேரம் ஆகிறதே, பாவம் என்று லேசாக எடுத்துக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். நம்மாள் கையை உயர்த்தி அவரைத் தடுத்துவிட்டார். சொல்லிவிடாதீர்கள் ஐயா, நானே வருகிறேன். இதை, தேர்வு நடத்துகிற அரசாங்க அதிகாரியிடம், கண்ணை மூடிக்கொண்டு. மணிக்கட்டைப் பிடித்தீர்களா என்று கேட்டேன். மேஜை குறுக்கே இருந்ததால் எட்டவில்லை என்றார். ஆனால் வந்துவிட்டார். நெருப்பை நிறுத்துவேன், தண்ணீர் விடவே மாட்டேன் என்று சொல்லி, ஏன் என்பதையும் கேட்காமலே சொல்லியிருக்கிறார்.

தசராவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சான்றிதழ் வந்தது. பஸ் முழுவதும் மைசூர் பாகு கொடுத்தார். டிரைவர் இரண்டு எடுத்துக்கொண்டார். பேக்கிங் பெண்கள் தாங்களே தேறிய மாதிரி கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் சந்தோஷத்தில் பாதி, இனிமேல் தூங்கலாம் என்பதுதான், பொய் சொல்வானேன்.

அடுத்த திங்கட்கிழமை கண்ணை மூடினேன். தோளில் தட்டு விழுந்தது. திறந்து பார்த்தால், சீட்டுக்கட்டு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பாஸ் ஆயாச்சு, வேலையும் ஆயாச்சு, இன்னும் என்ன பாய்லர்? மனுஷன நிம்மதியாத் தூங்க விடமாட்டீங்களா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "பரீட்சை முடிஞ்சுதுங்க சார். மறக்கறது முடியலீங்களே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இத்தனை நாளு தப்பாச் சொன்னா நான் ஃபெயிலு, அவ்வளவுதானுங்க. இனித் தப்புனா, செவுத்துக்கு அந்தப் பக்கம் நீங்க உக்காந்திருக்கீங்க."

பாய்லர் அறைக்கும் என் ஸ்டோருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இத்தனை வருஷமாக அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் மதியம் காபி குடிக்கிறேன். அதைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இந்த மனிதர் நினைத்திருக்கிறார்.

கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். போன தூக்கம் போனதுதான். ஆனாலும் சீட்டுக்கட்டை வாங்கி, மேலே இருந்த சீட்டைக் கேட்டேன். சரியாகச் சொன்னார். நஞ்சன்கூடு வர இன்னும் நேரம் இருந்தது. இன்னொன்று கேட்கட்டுமா என்று நானாகவே கேட்டேன்.