டாக்டர் கயல்விழிக்கு ஒரு பிளெக்ஸ்

செம்மண்டலத்தில் பிளெக்ஸ் கட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஞானசேகரனுக்குப் பதினோராவது போன் வந்துவிட்டது.

"டாக்டருங்களா? ரொம்ப நாளா ஒரு பலவீனம்..."

ஞானசேகரன் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற லைன்மேன். டாக்டர் பட்டம் வாங்கப்போவது அவர் மகள் கயல்விழி. ஆக்டோபஸின் விந்தணு எப்படி உருவாகி வளர்கிறது என்று ஐந்து வருடம் ஆராய்ந்தவள். வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்.

"அதுக்கெல்லாம் யாருப்பா வரப்போறாங்க?" என்று அவள் சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஹால ரொப்பிக் காட்டறேன் பாரு!" என்று சவால் விட்டுத்தான் பிளெக்ஸுக்குச் சொன்னார்.

கெடுத்தது பிளெக்ஸ் கடைக்கார ஜாபிர். "மாமா, பொண்ணு போட்டோவுக்குக் கீழ அந்த வார்த்தையா?" என்று கூசிப்போய், 'ஆண்மை ஆராய்ச்சி! டாக்டர் கயல்விழி! அனைவரும் வருக!' என்று அடித்து, அவர் நம்பரையும் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டான்.

"தம்பி, இது ஆக்டோபஸோடது," என்றார் ஞானசேகரன் போனில். மகள் பெருமையைப் பேசக் கிடைத்த வாய்ப்பை விடுவாரா? "மொதல்ல உருண்டையா இருக்கும். வளர வளர நீண்டு, தலை திருகாணி மாதிரி முறுக்கிக்கும்."

"எத்தினி நாள்ல சார்?"

ஜாபிரைக் கூப்பிட்டுத் திட்டினார். அவன் ஓடிவந்து ஒரு ஸ்டிக்கர் ஒட்டினான்: 'மருந்து கிடையாது. கட்டணமும் கிடையாது.' இலவசம் என்றதும் போன்கள் இரட்டிப்பாயின.

வெள்ளிக்கிழமை ஞானசேகரன் ஹால் வாசலிலேயே காவல் நின்றார். மகளின் பெரிய நாளில், வைத்தியம் கேட்டு ஒருத்தன் உள்ளே போகக் கூடாது.

ஒரு வேன் வந்தது. தோளில் துண்டோடு முப்பது ஆண்கள் தயங்கித் தயங்கி இறங்கினார்கள்.

"டாக்டரம்மாவப் பாக்கணும்."

"இங்க வைத்தியம் இல்லிங்க. கெளம்புங்க, கெளம்புங்க!"

அவர்களை கேட் வரை விரட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நான்கு பேராசிரியர்கள், அவர் மனைவி இளவரசி. மீதியெல்லாம் காலி நாற்காலி. மேடையில் கயல்விழி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேனில் வந்தவர்களில் பெரியவர் ஒருவர் மட்டும் திரும்பி வந்தார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க," என்றார் ஞானசேகரன் தழைந்த குரலில். "ஆனா அந்தப் பொண்ணு பண்றது ஆக்டோபஸ் ஆராய்ச்சி."

"எங்களுக்குத் தெரியாதா? கிள்ளைக் கடல்லேருந்து அஞ்சு வருஷமா ஆக்டோபஸ் புடிச்சாந்து குடுத்ததே நாங்கதான். எங்க பொண்ணு டாக்டராவறதப் பாக்க வந்திருக்கோம், தடுக்கறதுக்கு நீங்க யாருங்க?"