சம்மாட்டியாரின் வெள்ளை வேட்டியும் என் செங்குருத்தும்

என்னைப் பற்றி எங்கள் குடும்பத்தில் உலாவும் கதைகளில் முக்கால்வாசி இட்டுக்கட்டியவை. கலியாண வீடுகளில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும் இந்தக் கதை மட்டும் முழு உண்மை. அதுதான் என் கவலை.

முதலில் என் விசரைப் பற்றிச் சொல்லவேண்டும். (விசர் என்பது அம்மா வைத்த பெயர். நான் பொழுதுபோக்கு என்றுதான் சொல்லி வந்தேன்.) மற்றவர்கள் பூவுக்காக மரம் வைப்பார்கள், காய்க்காக வைப்பார்கள். நான் புதுத்தளிரின் நிறத்துக்காக வைத்தேன். கறுவாக் கன்று இளஞ்சிவப்பாகத் துளிர்க்கும் என்று கேள்விப்பட்டு ஒன்று. கொக்கோவின் இளம் இலை செம்பழுப்பாகத் தொங்கும் என்று ஒன்று. குரோட்டன்களுக்குக் கணக்கில்லை. எங்கள் ஊர் மாங்குளத்து வெயில் இவற்றை அப்பளமாகப் பொரித்துவிடும் என்பதால் வீட்டோடு சேர்த்துப் பச்சை நிழல்வலை கட்டினேன். தண்ணீர் மோட்டரில் இருந்து ஒரு குழாயைப் பிரித்து, வலைக்கு மேலே தூவல் முனைகளும் பூட்டினேன். மோட்டரைப் போட்டால் தொட்டியும் நிரம்பும், வலைக்குள் தூறலும் விழும். ஒரே சுவிட்சில் இரண்டு வேலை என்று எனக்கு அப்போது தலைகால் தெரியாத பெருமை.

இந்தக் கூட்டத்துக்கு ராணி ஒரு பாம் கன்று, பனைக் குடும்பத்து அலங்கார மரம். பார்த்தால் கமுகு போலத்தான் இருக்கும். கண்டிப் பக்கத்து நாற்றுமேடை ஒன்றில் வாங்கி, பஸ்ஸில் பிள்ளையை வைத்திருப்பது போல மடியில் வைத்துக்கொண்டு வந்தது. அதன் புது ஓலை பச்சையாக வராது. தேய்த்து விளக்கிய செம்புக் குடத்தின் நிறத்தில் விரிந்து, பத்துப் பன்னிரண்டு நாள் பளபளத்துவிட்டுப் பிறகு மெல்லப் பச்சையாகும். நான் அதற்குச் செங்குருத்து என்று பெயர் வைத்தேன். அது ஆளுயரம் தாண்டியபோது பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணை வந்து சுற்றிப் பார்த்தார்.

"இது காய்க்குமோ?"

"காய்ச்சாலும் சாப்பிடேலாது அண்ணை."

"பாக்கு?"

"இல்லை."

"பின்னை?"

"குருத்து சிவப்பா வரும். கொஞ்ச நாளைக்கு."

அவர் குசினி வாசலில் நின்ற அம்மாவை ஒருதரம் பார்த்தார். ஆறுதல் சொல்கிற பார்வை. அம்மாவும் தன் பங்குக்கு, "இலுப்பை துளிர்க்கேக்க றோட்டு முழுக்கச் சிவப்பாத்தானே கிடக்குது. அதுக்கு ஏன் இவன் கண்டிக்குப் போனவன்?" என்றார்.

என் செங்குருத்தை மதித்த ஒரே ஆள் ஜெசிந்தா. கிளிநொச்சியில் நான் வேலை பார்த்த கந்தோரில் எனக்கு நேரெதிர் மேசை. ஊர் முல்லைத்தீவுக் கடற்கரை. முதல் ஓலை சிவந்தபோது போனில் படம் எடுத்துப்போய்க் காட்டினேன். "வடிவாக் கிடக்கு" என்றாள். போதாதா? அடுத்த நாளும் காட்டினேன். அதற்கடுத்த நாளும் அதே ஓலையை வேறு பக்கத்தில் இருந்து எடுத்துக் காட்டினேன். ஓலை பச்சையாகி முடிய நாங்கள் காதலிக்கத் தொடங்கியிருந்தோம்.

சிக்கல் அவளுடைய அப்பாவில் இருந்தது. அந்தோனிப்பிள்ளைச் சம்மாட்டியார் என்றால் அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். சொந்த வள்ளம், சொந்த வலை, கீழே வேலை செய்யப் பத்துப் பேர். நான் சைவம், அவர்கள் கத்தோலிக்கர். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (அதைப் பங்குச் சுவாமியார் பார்த்துக்கொள்வார் என்றாராம்.) அவர் விசாரித்தது என் குணத்தை. மாங்குளத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்: "நல்ல பொடியன். குடி இல்லை, வெத்திலை இல்லை. ஆனால் கொஞ்சம் அளப்பான்."

அது அநியாயப் பழி என்று சொல்ல ஆசைதான். ஆனால் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்த காலத்தில் வெள்ளத்தில் போன மாடொன்றை ஒற்றைக் கையால் இழுத்துக் கரைசேர்த்தேன் என்று நான் பல இடங்களில் சொல்லியிருந்தேன். அது கன்றுக்குட்டி. தானாகவே கரையேறியது. நான் பக்கத்தில் நின்றேன்.

சம்மாட்டியாரின் தீர்ப்பை ஜெசிந்தா வந்து சொன்னாள். "அப்பா சொல்லுறார், கடலுக்குப் போய் வாறவன் எல்லாம் சுறாவோட மல்லுக்கட்டின கதைதான் சொல்லுவானாம், கொண்டு வாறது ரெண்டு கிலோ சூடை மீனாம். உங்கட சிவப்பு ஓலையைத் தன்ர கண்ணால பாக்கவேணுமாம். அது மெய்யெண்டால் மிச்சமும் மெய்யெண்டு எடுத்துக் கலியாணம் கதைப்பாராம். இல்லாட்டி பேசாலையில ஒரு சம்பந்தம் வந்திருக்கு."

"படம் காட்டினனீரோ?"

"காட்டினனான். போனில எதையும் சிவப்பாக்கலாமாம்."

ஆக, என் வாழ்க்கை ஒரு ஓலையில் தொங்கியது. நல்ல காலம், அடுத்த குருத்து விரிகிற நேரம் அது. விரிந்தது. அப்படியொரு சிவப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. இந்த ஞாயிறே வரச் சொல்லுங்கோ என்று சொல்லியனுப்பினேன். பதில் வந்தது: இந்த ஞாயிறு ஏலாது, வலையில இறால் படுகுது. அடுத்த ஞாயிறும் இறால் பட்டது. அந்தக் கரையில் அதற்கு முன்னும் பின்னும் இறால் அப்படிப் பட்டிருக்காது. ஒவ்வொரு இறாலையும் நான் தனித்தனியாகச் சபித்தேன்.

இதற்கிடையில் என் ஓலை அடியில் இருந்து பச்சையாகிக்கொண்டு வந்தது. நான் ஐஸ்கட்டி வாங்கி அடியில் வைத்தேன். அம்மாவின் சேலையால் போர்த்தேன். ஒருநாள் கெஞ்சியும் பார்த்தேன். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வருவதாகச் சம்மாட்டியார் சொல்லியனுப்பியபோது, ஓலை வாழையிலையோடு போட்டி போடும் பச்சையில் நின்றது.

"பச்சையாப் போச்செண்டு அப்பாட்டச் சொல்லுவம். அடுத்த குருத்து வரேக்க வந்து பாக்கட்டும்" என்றாள் ஜெசிந்தா.

"அது வர இன்னும் மூண்டு நாலு மாசம். அதுக்குள்ள உம்மைப் பேசாலையில கட்டிக் குடுத்துடுவார்."

"நான் சொல்லுறதைக் கேளுங்கோ. உண்மையைச் சொன்னால் திட்டுவார், பிறகு ஆறிடுவார்."

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

அம்மா பனையோலைப் பெட்டி இழைப்பார். அலுமாரியின் கீழ்த்தட்டில் ஓலைக்குப் போடும் சாயத்தூள் எப்போதும் இருக்கும். ஞாயிறு காலை நான் அதைக் கிளறிக்கொண்டிருக்க, அம்மா பின்னால் வந்து நின்றார்.

"என்ன தம்பி தேடுறாய்?"

"சிவப்புச் சாயம்."

"ஓலை எங்க?"

"மரத்தில நிக்குது. அதுக்குப் பூசப்போறன்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாயம் போடுறதெண்டால் ஓலையை அவிக்கவேணும். கொதிக்கிற தண்ணியில கிடந்து அவிஞ்சால்தான் பிடிக்கும். பச்சையோலையில பூசினால் மேலால நிக்கும், அவ்வளவுதான்."

"நிக்கிற மரத்தை எப்பிடியம்மா அவிக்கிறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

ஓலையைத் தொட்டுப் பார்க்க ஆள் வருவாரே தவிர, கழுவிப் பார்க்கவா வருவார் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஏணி வைத்து ஏறி, தூரிகையால் ஓலையின் ஒவ்வொரு ஈர்க்குப் பக்கமாகப் பூசினேன். வெயில் நல்ல வெயில், கெதியாகக் காய்ந்தது. இறங்கி நின்று பார்த்தபோது ஒரு சிறு நெருடல். உண்மையான நிறம் செம்பு. இது தேர்த்திருவிழாவில் விற்கிற சர்பத்து. ஆனாலும் சிவப்பு சிவப்புத்தானே.

சம்மாட்டியார் பூசையில் இருந்து நேராக வந்தார். பாற்கடலில் தோய்த்தெடுத்த வெள்ளையில் வேட்டி, வெள்ளைச் சேட்டு, கையில் கருவாட்டுப் பாசல். பின்னால் ஜெசிந்தா. அவள் ஓலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

அவர் முதலில் நிழல்வலையைத்தான் பிடித்துப் பார்த்தார். "கண் சின்னன். குஞ்சு மீனும் தப்பாது" என்றார். பிறகு செங்குருத்தின் கீழே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

"மெய்தான்," என்றார் கடைசியாக. "நான் உம்மைப் பிழையா நினைச்சிட்டன் தம்பி." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கை சுக்கான் பிடித்த கை, என் விரல்கள் நொறுங்கின. எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது. அந்த நிமிடத்தில் நான் பூசியதை நானே மறந்துபோனேன் என்றால் நம்புவீர்களோ தெரியாது.

வெளியே வெக்கை. ஆகவே அவர் நிழலிலேயே, ஓலைக்கு நேர் கீழே, கதிரை போடச் சொன்னார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். பலகாரம் வந்தது. கலியாணத்தை எந்த மாதம் வைக்கலாம் என்ற கதை தொடங்கியது. விருந்தாளிக்குக் கைகழுவத் தொட்டியில் தண்ணீர் குறைவு என்று அம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. உள்ளே போய் மோட்டரைப் போட்டார்.

மேலே தூவல் முனைகள் ஸ்ஸ் என்றன. பூந்தூறல் விழுந்தது. "நல்ல குளிர்ச்சி," என்றார் சம்மாட்டியார். அப்போது அவருடைய சேட்டுத் தோளில் ஒரு சிவப்புச் சொட்டு. பிறகு வேட்டியில் இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. அவர் காகம் ஏதும் அடிபட்டுவிட்டதோ என்று மேலே பார்த்தார், நெற்றியில் ஒன்று விழுந்தது.

"என்ன இது தம்பி?"

இந்த இடத்தில் ஒரு மானஸ்தன் காலில் விழுந்திருப்பான். நான் சொன்னேன்: "ஒண்டுமில்லை ஐயா. இந்தச் சாதி இப்பிடித்தான். சிவப்பெல்லாம் வடிஞ்சுதான் பச்சையாகும்."

அவர் எழுந்து ஓலை நுனியை எட்டிப் பிடித்துப் பெருவிரலால் தேய்த்தார். பச்சை தெரிந்தது. பெருவிரலைப் பார்த்தார், சிவப்பு. அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்ற அம்மா, நடந்தது ஒன்றும் தெரியாமல், "நான் சொன்னனான்தானே தம்பி, அவிக்காமல் பிடிக்காதெண்டு" என்றார்.

சம்மாட்டியார் தேத்தண்ணியை வைத்தார். அதுவும் சிவந்திருந்தது. "கருவாட்டை வைச்சுக்கொள்ளுங்கோ அம்மா. அது அசல்" என்று சொல்லிவிட்டு, ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு, சுட்டுப்போட்ட ஆள் போல அந்த வேட்டியோடு மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்குப் போய் நின்றார். பஸ்ஸில் அவருக்கு இரண்டு பேர் எழும்பி இடம் கொடுத்தார்களாம்.

திங்கட்கிழமை ஜெசிந்தா மேசையைத் திருப்பிப் போட்டிருந்தாள். எனக்கு அவளுடைய முதுகுதான் தெரிந்தது. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையாகவே இருந்த ஒரு விஷயத்தை நானே பொய்யாக்கிவிட்டேனே என்று நினைத்து நினைத்து வெட்கினேன். அவளை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். பயம் தாங்காமல் ஒருநாள் முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினேன்.

சம்மாட்டியார் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"ஐயா, சாயம் பூசினது மெய். பிறகு சொன்ன கதையும் பொய். ஆனால் ஓலை சிவப்பா வரும் எண்டது மெய். அடுத்த குருத்து நீண்டிட்டுது. எப்ப வாறனெண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. சொல்லாமல் வந்து பாருங்கோ. அதுவரைக்கும் பேசாலைக்கு ஓமெண்டு சொல்லாதேங்கோ."

"மாடு இழுத்த கதை?"

"கன்றுக்குட்டி ஐயா. அது தானா வந்தது."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பாப்பம்" என்றார்.

குருத்து விரிந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் பல்துலக்கிக்கொண்டு நிற்கிறேன், படலை திறக்கிறது. சம்மாட்டியார். இந்தமுறை வெள்ளை இல்லை, கருநீலச் சாரம். நேராக வலைக்குள் போனார். விரலை நாக்கில் தொட்டு ஓலையைத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். மடியில் இருந்து ஈரத்துண்டை எடுத்துத் தேய்த்தார். துண்டைப் பார்த்தார். பிறகு ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். வள்ளத்து எஞ்சினுக்குப் பாவிக்கும் மண்ணெண்ணெய்.

"அண்ணை, ஓலை கருகிப்போம்," என்றார் அம்மா.

"கருகட்டும்," என்று ஒரு மூலையைத் தேய்த்தார். ஓலை அசையவில்லை, சிவப்பாகவே நின்றது. (கருகியது உண்மைதான், அடுத்த நாள்.) அவர் போத்தலை மூடி மடியில் செருகினார்.

"ஓலையில பிழை இல்லை. ஆள்தான் அவசரக்காரன்," என்றார் அம்மாவிடம். "என்ன மாதம் வைப்பம்?"

ஜெசிந்தா மேசையைப் பழையபடி என் பக்கம் திருப்பிப் போட்டாள். கலியாணம் நடந்தது. ஆனால் அந்த ஈர விரல் என்னை விடவில்லை. தேவாலயத்தில் நான் மோதிரம் எடுத்தபோது மாமா, அதாவது சம்மாட்டியார், முன்வரிசையில் இருந்து எழும்பி வந்து, விரலை நனைத்து, மோதிரத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போய் இருந்தார். சுவாமியாரே சிரித்துவிட்டார். புது மோட்டார் சைக்கிள் வாங்கினேன், பெற்றோல் தாங்கியைத் தேய்த்தார். எனக்குப் பதவி உயர்வு வந்த கடிதத்தில் முத்திரையைத் தேய்த்தார். இப்போது ஜெசிந்தாவின் சித்தி மக்கள் வரை நான் ஏதாவது புதினச் செய்தி சொல்லத் தொடங்கினால் விரலை நாக்கில் தொடுகிறார்கள்.

எங்கள் மகள் பிறந்த அன்று மாமா கடலால் வந்த சாரத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். பிள்ளையைத் துணியில் சுற்றித் தந்திருந்தார்கள். நெற்றி முதல் நாடிவரை அப்படியொரு சிவப்பு. மாமா குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலைத் தூக்கினார். இந்தமுறை நாக்குக்குக் கொண்டுபோகவில்லை. தன் கண்ணைத் துடைத்த அதே ஈரத்தோடு பிள்ளையின் கன்னத்தை மெல்லத் தேய்த்தார்.

"என்ன ஐயா செய்யிறீங்கள்?" என்று தாதி அதட்டினார்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை," என்றார் மாமா. "தகப்பன் ஆரெண்டு தெரியும்தானே. அதுதான் ஒருக்காத் தேய்ச்சுப் பாத்தனான்."