கொண்டை போட ஒரு பஸ்

சேர்வராயன் மலையில் "வீட்டைக் காலி பண்ணு" என்று எவனாலும் சொல்ல முடியாத ஒரே மனுஷன் அவசரவழிதான். சொன்னால் சாவியைத் திருப்பி, கியரைப் போட்டு, வீட்டோடு கிளம்பிவிடுவார்.

பெயரை வைத்து ஆளை அவசரக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓட்டுகிற பஸ்ஸை நடந்து போகிற ஆடு முந்தும். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவராக இருந்தவர். ஏறி இறங்கிக் களைத்துப்போன அந்த பஸ்ஸைப் பள்ளிக்கூடம் கழித்துக்கட்டியபோது, தானே அதை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு, வீடாக்கிக்கொண்டார். முன்கதவு இருந்த இடத்தில் அடுப்படி வந்துவிட்டதால் பின்கதவுதான் தலைவாசல். அதன் மேல் சிவப்பு எழுத்தில் 'அவசர வழி' என்று இருந்தது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர், தபால்காரர் எல்லாருக்கும் அதுவே விலாசம் ஆயிற்று. கொஞ்ச நாளில் அதுவே ஆள் பெயரும் ஆயிற்று.

ஏன் பஸ்ஸில் குடியேறினார் என்று கேட்டால், நீங்கள் ஏற்காட்டில் வாடகைக்கு வீடு தேடியதில்லை என்று அர்த்தம். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவன் ஒரு ராத்திரிக்குக் கொடுப்பதை, வருஷம் முழுக்க இருக்கிறவனால் கொடுக்க முடியாது. எனவே வருஷம் முழுக்க இருக்கிறவன் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவான். மறுநாள் அந்த வாசலில் 'உங்கள் சொந்த வீடு போல' என்று போர்டு தொங்கும். நானும் அப்படி வெளியேறி வெளியேறித் தேர்ந்தவன்தான். என் மனைவி இப்போதெல்லாம் அட்டைப் பெட்டிகளைப் பிரிப்பதே இல்லை. பெட்டியிலிருந்து நேரே சட்டையை எடுத்துத் தருகிறாள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அவசரவழி இப்போது ஜீப் ஓட்டுகிற எஸ்டேட்டில் நான் ரைட்டர். ஏதோ இலக்கியம் என்று பயப்பட வேண்டாம்; யார் வேலைக்கு வந்தார், எத்தனை மூட்டை மிளகு போயிற்று என்று எழுதுகிற ரைட்டர். ஆண்டவன் எனக்குக் கொடுத்த ஒரே சொத்து உயரம். மூளைக்குப் போக வேண்டியதும் சேர்த்துக் காலுக்குப் போய்விட்டதாக என் வீட்டில் ஒரு கருத்து உண்டு. அந்த உயரம் இந்தக் கதைக்குத் தேவை என்பதால் சொல்லிவைக்கிறேன்.

மஞ்சக்குட்டை ரோட்டோரம் அவசரவழியின் பங்காளி ஒருத்தர் விட்டுக்கொடுத்த துண்டு நிலத்தில் அந்த மஞ்சள் பஸ் நின்றது. பெயின்ட் மாற்றவில்லை என்பதால் காலையில் ரெண்டு மூன்று அம்மாக்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து உள்ளே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் தோசை கொடுத்து, நடத்திக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவார். பஸ்ஸின் முதுகில் 'இந்த வாகனம் வேகமாகச் சென்றால் தெரிவிக்கவும்' என்று ஒரு நம்பர் வேறு இருந்தது. யாரோ ஒரு பொறுப்பான பிரஜை பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாராம். "ஏனுங்க, உங்க பஸ்ஸு பொங்கல்ல இருந்து ஒரே எடத்துல நிக்குதுங்க. டிரைவரு உள்ளார பாய் போட்டுத் தூங்கறாருங்க. கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லுங்க."

வாஸ்து பார்க்க வந்தவர் வாசல் தெற்குப் பார்த்து இருக்கிறது, ஆகாது என்றார். "ஒரு நிமிசம் இருங்க" என்று இவர் ஏறி ஸ்டார்ட் செய்து, ஒடித்துத் திருப்பி, வடக்குப் பார்க்க நிறுத்திவிட்டு இறங்கினார். "இப்ப சரிங்களா?" வாஸ்துக்காரர் தட்சணை வாங்காமலே போய்விட்டார்.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் தப்பு. அவசரவழி குள்ளம். அவர் மனைவி பூங்கொடி அக்கா உயரம், கிட்டத்தட்ட என் உயரம். கல்யாணத்தில் மாப்பிள்ளை எக்கித்தான் மாலை போட்டார் என்று செம்மநத்தம் ஊர்ச் சொந்தக்காரர்கள் இன்னும் சிரிப்பார்கள். பஸ் வாங்கப் போன அன்று இவர் உள்ளே ஏறி நின்று பார்த்திருக்கிறார். தலை இடிக்கவில்லை. "நொம்ப சௌகரியம்" என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதிலிருந்து அக்கா குனிந்தேதான் வாழ்ந்தார். குனிந்து சமைத்தார், குனிந்து கூட்டினார், குனிந்து சாமி கும்பிட்டார். சாமி கும்பிடக் குனிவது நியாயம். சண்டை போடவும் குனிய வேண்டியிருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. தலை சீவிக் கொண்டை போட வேண்டுமானால் கீழே இறங்கி ரோட்டில் நிற்க வேண்டும். கார்களில் போகிறவர்கள் வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றார். வாழப்பாடியில் தம்பி வீட்டுக்குப் போகிறார் என்றதும் நான் ஏதோ விசேஷமா என்று கேட்டேன்.

"விசேசந்தான், ரைட்டர் தம்பி. என்ற தம்பி ஊட்ல நிமிந்து நின்னு கொண்டை போடலாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பி என்னைப் பார்த்தார். "நிமிந்து நிக்கற மாதிரி ஊடு பாத்தாச்சுன்னா கூப்புடச் சொல்லுங்க. வாரேன். அதுவரைக்கும் உங்கண்ணன் அந்த டப்பாவுல தனியா நின்னு பாக்கட்டும்."

அவசரவழி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மஞ்சள் பஸ்ஸை விற்றார். வாங்கியது ஒரு ரிசார்ட். அதை அப்படியே வைத்துக் காபிக்கடை ஆக்கிவிட்டார்கள். ஒண்ட வீடு கிடைக்காதவன் கண்டுபிடித்ததை, ஊரில் பெரிய வீடு இருக்கிறவன் குனிந்து நுழைந்து, "சோ க்யூட்" என்று போட்டோ எடுத்துவிட்டுப் போகிறான். அந்தக் கூரை ஒரு பெண்ணின் கழுத்தை என்ன பாடு படுத்தியது என்று போட்டோவில் தெரியாது.

அடுத்து அவர் கண் வைத்தது ஆம்னி பஸ். சென்னைக்கும் பெங்களூருக்கும் ராத்திரி ஓடுமே, ஸ்லீப்பர், அதில் ஓய்வுபெற்ற ஒன்று. படுக்கைகளைப் பிரித்துவிட்டால் உள்ளே மண்டபம் மாதிரி இருக்கும் என்றார். ஒரு நாள் லீவு போடச் சொல்லி என்னையும் சேலத்துக்கு அழைத்துப்போனார், பழைய பஸ்களை வரிசையாக நிறுத்தி விற்கிற ஒரு காலி மனைக்கு. இன்ஜினைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்கப்போகிறார் என்று நானும் முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

"ஏறி நில்லுங்க ரைட்டரே."

நின்றேன்.

"இடிக்குதுங்களா?"

"இல்லண்ணா."

"செரி. இப்பக் கொண்டை போடுங்க."

"என்னது?"

"அட, ரெண்டு கையையும் பின்னந்தலைக்கு மேல தூக்கிச் சுத்துங்க. கைமுட்டி இடிக்குதான்னு பாக்கோணுமில்ல?"

எனக்குத் தலையில் முடி நின்று பல வருஷம் ஆகிறது. இல்லாத கூந்தலை அள்ளி, முறுக்கி, சுற்றி, செருகினேன். முழங்கை ஏசி குழாயில் இடித்தது. "இது வேண்டாமுங்க, அடுத்தது" என்றார். அடுத்த பஸ்ஸில் மறுபடியும் கொண்டை. அதற்கடுத்ததில் "சேலை உதறுங்க" என்றார். உதறினேன். மனையில் இருந்த புரோக்கர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஜன்னல் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்த அண்ணனுக்கு எத்தன நாளா இப்படிங்க?" என்று ஒருத்தர் அனுதாபமாக விசாரித்தார்.

கடைசியில் எங்கும் இடிக்காமல் நான் கொண்டை போட்ட ஒரு நீல பஸ் வீடாகத் தேர்வாயிற்று. அவசரவழிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க கொண்டைக்கு என்ன கைம்மாறு செய்யப் போறேனோ" என்றார்.

நீல பஸ்ஸை மலை அடிவாரத்தில் நிறுத்தி, படுக்கைகளைப் பிரித்து, அடுப்பு வைத்து, திரை போட்டார். பிறகு அக்காவுக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கெழம பஸ் ஏறி வா சாமி. பால் காச்சறோம்." வேறொன்றும் சொல்லவில்லை, நேரில் பார்த்து அசந்துபோகட்டுமாம்.

அடிவாரத்து டீக்கடைக்காரர் பஸ்ஸை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, "அண்ணா, இது மேல திரும்பாதுங்க" என்றார்.

"நான் இந்த ரோட்டுல ஓட்டாத ஓட்டா?"

"நீங்க திரும்புவீங்க. இது திரும்பாது."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மேலே மஞ்சக்குட்டை நிலத்துக்குக் கிளம்பினோம். முதல் சில வளைவுகளை ஒடித்து, பின்னே எடுத்து, மறுபடி ஒடித்து எப்படியோ தாண்டிவிட்டார். நான் பின்னால் ஓடிக்கொண்டே கண்டக்டர் மாதிரி "வரட்டும், வரட்டும், ஓல்டான்!" என்று கத்திக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் வந்தது ஒரு இறுக்கமான கொண்டை ஊசி வளைவு. மூக்கு பாறையில் முட்டியது. வால் தடுப்புச்சுவரில் செருகியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கொண்டை போடுவதற்காக வாங்கிய வீடு கொண்டை ஊசியில் மாட்டிக்கொண்டது.

விடுமுறை நாள். கீழே கார்கள் சேர ஆரம்பித்தன. மேலேயும் சேர்ந்தன. ஒட்டுமொத்த ஏற்காடும் ஹாரன் அடித்தது. ஒரு போலீஸ்காரர் வேர்த்து விறுவிறுத்து ஏறி வந்தார்.

"யாருய்யா டிரைவரு?"

"டிரைவர் இல்லீங்க. ஊட்டுக்காரர்."

"வண்டிய எடுய்யா மொதல்ல!"

"வண்டி இல்லீங்க, ஊடுங்க. உள்ளார வந்து பாருங்க, அரிசி பருப்பெல்லாம் இருக்குது."

"ஊடுன்னா எதுக்குய்யா ஹாரன் வெச்சிருக்கே?"

கிரேன் சேலத்திலிருந்து வர வேண்டும் என்றார்கள். வெயில் ஏறியது. அப்போதுதான் கீழ் வளைவில் ஓர் உயரமான உருவம் கார்களுக்கு நடுவே நடந்து வருவது தெரிந்தது. ஒரு கையில் பை, ஒரு கையில் பால் தூக்கு. அக்கா வந்த டவுன் பஸ் இந்த நெரிசலில் எங்கோ கீழே நிற்கிறது. எவனோ ஒருத்தன் ரோட்டை அடைத்துவிட்டான் என்று சபித்துக்கொண்டே ஏறி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் அவன் சொந்தப் புருஷன்.

பையையும் தூக்கையும் படியில் வைத்துவிட்டு உள்ளே ஏறினார். நாங்களும் பின்னாலேயே ஏறினோம். நடுவில் போய் நின்றார். மெல்ல, நம்பிக்கை இல்லாமல், நிமிர்ந்தார். இடிக்கவில்லை. நடந்த நடையில் முடி அவிழ்ந்து கிடந்தது. இரண்டு கையையும் தூக்கி அள்ளி முடிந்தார். எங்கும் முட்டவில்லை. வெளியே அத்தனை ஹாரன். உள்ளே அவசரவழி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்குது சாமி?"

"நல்லாத்தான் இருக்குது. இடிக்கலீங்க." அக்கா முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "எப்படி இடிக்கும்? ரைட்டர நிக்க வெச்சு, கொண்டை போடச் சொல்லி, அளந்துல்ல எடுத்தேன்!" என்றார் பெருமையாக.

அக்கா திரும்பி என் தலையைப் பார்த்தார். வழுக்கையில் வேர்வை மின்னியிருக்க வேண்டும்.

"கொண்டை போட இவருதான் கெடச்சாராக்கும்?"

நான் சிரித்தேன். அவசரவழியும் சிரித்தார். அக்கா எங்கள் சிரிப்பு முடியும் வரை காத்திருந்தார்.

"மொத ஊட்டுக்கு உங்க தலைய வெச்சு அளந்தீங்க. இந்த ஊட்டுக்கு இந்தத் தம்பி தலைய வெச்சு அளந்திருக்கறீங்க. என்ற தலை வாழப்பாடியில சும்மாதானுங்க கெடந்துச்சு. ஒரு போனு போட்டிருந்தா வந்து நின்னிருக்க மாட்டனா?"

"நீ அசந்து போவேன்னு..."

"அசந்துதானுங்க போயிட்டேன். கூரை தட்டுச்சுன்னா நான் போனேன்? ஒரு வார்த்த கேக்காம வாங்கியாந்தீங்களே, அதுக்குப் போனேன்."

பக்கத்துக் காரில் ஒரு குழந்தை வெயில் தாங்காமல் வீரிட்டுக்கொண்டிருந்தது. அக்கா அடுப்பைப் பற்றவைத்து, கொண்டுவந்த பாலைக் காய்ச்சி, ஆற்றி, குழந்தையின் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியது அப்படித்தான். பிறகு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கிரேன் வந்து ரோட்டைத் திறந்ததும், மேலேயிருந்து இறங்கிய முதல் பஸ்ஸில் வாழப்பாடிக்கே திரும்பிப் போய்விட்டார். அவசரவழி ஜன்னல் ஓரமாகக் கொஞ்ச தூரம் கூடவே ஓடினார். எட்டவில்லை.

நீல பஸ்ஸைப் பின்பக்கமாகவே இழுத்து இறக்கினார்கள். இப்போது அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் நிற்கிறது. அவர் அதில்தான் இருக்கிறார். கீழே வெயில், தகரம் கொதிக்கிறது; குளிரிலேயே வளர்ந்த உடம்பு அவிந்துபோகிறது. எஸ்டேட் ஜீப் ஓட்ட தினமும் டவுன் பஸ்ஸில் மேலே வந்து போகிறார். ரிசார்ட்டில் நிற்கும் மஞ்சள் பஸ்ஸைத் தாண்டும்போது மட்டும் மறுபக்கம் பார்த்துக்கொள்வார். மலையில் பிறந்தவன் இருக்க மலையில் இடம் இல்லை. பார்க்க வருகிறவனுக்கு இருக்கிறது. இதை எங்கே சொல்லி முட்டிக்கொள்வது? நீல பஸ்ஸில் முட்டிக்கொள்ளக் கூரை கூட எட்டாது.

போன மாதம் போயிருந்தேன். ஒரு ஆட்டம் காணும் ஸ்டூலின் மேல் ஏறி, நுனிக்காலில் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடி அவ்வளவு உயரத்தில். துணி மாட்டுகிற கொக்கி, டப்பா வைக்கிற பலகை எல்லாமே அவர் கைக்கு எட்டாத உயரத்தில்.

"ஏண்ணா, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கீழ மாட்டுனா என்ன?"

நுரையோடு திரும்பினார். "அவளையே போன்ல கேட்டு மாட்டுனதுங்க ரைட்டரே. எந்த ஒசரத்துலன்னு மொதல்ல சொல்லவே இல்ல. மூணு நாளு கழிச்சு அவளே கூப்புட்டு, தரையில இருந்து இத்தன சாண்னு சொன்னா."

"வர்றேன்னு சொன்னாங்களா?"

"அது சொல்லலீங்க." மறுபடி கண்ணாடிப் பக்கம் எக்கினார். "வந்தா குனியக் கூடாதுங்களே."

ஸ்டூல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் கீழே உட்கார்ந்து, அவர் சவரம் முடிக்கும் வரை அதன் காலைப் பிடித்துக்கொண்டேன்.