அரைவிரலும் தொட்டில் மெத்தையும்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ள வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளலாம். அரைவிரல் என்று ஒருவன் ஒரு சுவருக்குப் பயந்த கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அவன் மட்டும் கதை முடியும்வரை சிரிக்கவே இல்லை.

"பேசாதே. மறுபடியும் தட்டுறாங்க," என்றான் அரைவிரல்.

அவனும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடத்துச் சுவரைப் பார்த்தார்கள்.

டொக். டொக். டொக்.

"மூணு," என்றாள் மனைவி.

"நான் மூணு எறிஞ்சேன். அவங்க மூணு தட்டுறாங்க. கணக்கா திட்டுறாங்க."

அவனுக்கு டார்ட்ஸ்தான் தொழில். சுவரில் மாட்டிய வட்டப் பலகையில், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, ஊசி அம்புகளை மூன்று மூன்றாக எறிகிற ஆட்டம். அதில் பதிவு பெற்ற ஆட்டக்காரர்களுக்குத் தரவரிசை உண்டு. அந்தப் பட்டியலை மேலிருந்து படித்தால் அவன் பெயர் வருவதற்குள் கொட்டாவி வந்துவிடும். கீழிருந்து படித்தால் சட்டென்று அகப்படுவான். முக்கியமான நேரத்திலெல்லாம் குறி அரை விரல் தள்ளிப் போகும். அதனால் சக ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் அது. மனைவி அதையே அவன் சட்டை முதுகில் பூத்தையலாகப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

ஆட்டம் சோறு போடாத நாட்களில் ஒரு மெத்தைக் கடையில் வேலை செய்தான். போடாத நாட்களே அதிகம்.

இன்னும் இரண்டு வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வருடத்தின் கடைசிப் போட்டி. முதல் சுற்றில் ஜெயித்தால் பட்டியலில் தங்குவான். தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் பின்வீட்டுக்கு யாரோ புதிதாகக் குடிவந்து, சுவரைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். சுவர் ஒன்றுதான் பொது. அந்த வீட்டுக்கு வாசல் அடுத்த தெருவில். முகம் பார்த்ததில்லை.

"சாயங்காலம் களைச்சு வர்ற மனுஷங்களா இருக்கும். விடியக்காலையில எறிஞ்சு பாருங்க," என்றாள் மனைவி.

மறுநாள் இருட்டுப் பிரியும்போதே எழுந்து, பூனை மாதிரி நடந்து வந்து, மூன்று அம்பு எறிந்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.

டொக். டொக். டொக்.

"தூங்கவே மாட்டாங்களா இவங்க?" என்றான் பரிதாபமாக.

"நீங்கதான் எழுப்பிவிட்டுட்டீங்க. போச்சு, இப்ப ரெண்டு வேளையும் பகை."

மனைவி சமாதானம் பேசக் கிளம்பினாள். ஒரு பை நிறைய பிஸ்கட்டோடு தெருவைச் சுற்றிப் போனாள். கதவு பூட்டியிருந்தது. பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தாள். அடுத்த நாள் இவர்கள் கதவில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம் தொங்கியது.

"பாத்தியா, நல்ல மனுஷங்க," என்றான் அரைவிரல்.

"நல்ல மனுஷங்களா? உன் பிஸ்கட்டு எனக்கு எதுக்கு, இதைத் தின்னுட்டு வாயை மூடிட்டு இருன்னு அர்த்தம்."

யோசித்துப் பார்த்தான். அப்படித்தான் பட்டது. இரண்டு நாள் அம்பையே தொடவில்லை. சுவரும் சும்மா இருந்தது. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு தன் வலது கையையே பார்த்தான்.

"அம்பு எறியறதை விட்டா, நான் யாருடி?" என்றான்.

அவள் குழம்பை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். அப்புறம், "மெத்தைக் கடையில வேலை பாக்குறவருக்கு ஒரு சத்தத்தை அமுக்கத் தெரியாதா?" என்றாள்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவில் வைக்கத் தோதான அகலத்தில் கடையில் இருந்தது ஒன்றே ஒன்று. குழந்தைகளின் தொட்டில் மெத்தை. ஒரு சாண் தடிமன், ஓரமெல்லாம் வாத்துப் படம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வெளியே வருவதை முதலாளி பார்த்துவிட்டார்.

"அப்படியா சங்கதி?" முதலாளி முகமெல்லாம் பல். "சொல்லவே இல்லையேப்பா. இந்த ரகத்துக்கு என்னவோ திடீர்க் கிராக்கி. முந்தாநேத்து நீ லீவுல இருந்தப்ப ஒரு பொண்ணு வந்து ஒண்ணு வாங்கிட்டுப் போச்சு. எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்."

"இல்ல முதலாளி, இது சுவத்துக்கு…"

"வெக்கப்படாதே. எனக்கும் முதல் தடவை இப்படித்தான் இருந்துச்சு."

அவன் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி முன்னால் போயிருந்தது.

"முதலாளி வீட்டம்மா போன் பண்ணி, வெயிட்டு எதுவும் தூக்காதேன்னு சொல்றாங்க," என்றாள் மனைவி. "எனக்கே தெரியாம எனக்கு எப்பங்க இதெல்லாம்?"

"ஞாயித்துக்கிழமை முடியட்டும். சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள அவங்க தொட்டிலை அனுப்பிடுவாங்க."

மெத்தையைக் கட்டி, அதன்மேல் பலகையை மாட்டினான். மூன்று அம்பு எறிந்தான். சத்தம் பஞ்சுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. காது கொடுத்தான். அந்தப் பக்கத்துத் தட்டலும் மெலிந்து, யாரோ தலையணையைக் குத்துவது மாதிரிதான் கேட்டது.

"கோபம் குறைஞ்சிருச்சு," என்று அவன் கண் கலங்கினான். அந்த வாரம் முழுக்க வாத்துகள் பார்த்துக்கொண்டிருக்க, காலையும் மாலையும் எறிந்தான். குறி பிசகவே இல்லை. அரை விரல்கூட இல்லை. இத்தனை வருடத்தில் இப்படிக் கை வந்ததே இல்லை என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் அவனுக்கு எதிராக நின்றது கண்ணாடி போட்ட ஒரு பெண். இந்த ஆட்டத்தில் ஆண், பெண் என்று தனித்தனி வரிசை கிடையாது. அவளுக்கு இது முதல் வருடம். தோற்றாலும் பட்டியலில் இன்னும் ஒரு வருடம் இருப்பாள். ஆனாலும் இதுவரை ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அரைவிரல் முதல் அம்பை எறிந்தான். குறிக்கு இரண்டு விரல் கீழே. இரண்டாவதும் இரண்டு விரல் கீழே. மூன்றாவது மற்ற இரண்டுக்கும் நடுவில் போய் ஒட்டி உட்கார்ந்தது.

முடிந்தது, பெயரைக்கூட இரண்டு விரல் என்று மாற்ற வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். அந்தப் பெண் எறிந்தாள். இரண்டு விரல் கீழே. மூன்றும்.

இப்படியே போனது ஆட்டம். எண்ணிக்கையை அறிவிக்கிற நடுவரின் குரல் வரவர துக்க வீட்டில் பேசுகிற குரலாகிவிட்டது. பின் வரிசையில் ஒருவர், "ரெண்டு பேருமே தரையைக் குறிபாக்குறாங்களா?" என்று உரக்கவே கேட்டார். யாரும் அவரை அடக்கவில்லை.

நொண்டி நொண்டி ஆட்டம் முடிவை நெருங்கியது. பலகையின் ஓரத்து மெல்லிய வளையத்தில், உச்சியில் இருக்கிற கட்டத்தில் ஓர் அம்பு விழுந்தால் ஜெயம். இரண்டு பேருக்கும் அதே பாக்கி. இரண்டு பேரும் மாறி மாறி அதற்குக் கீழேயே குத்திக்கொண்டிருந்தார்கள்.

அரைவிரல் கோட்டில் வந்து நின்றான். முதல் வரிசையில் மனைவியைப் பார்த்தான். அவள் இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

அவன் அவளை முறைத்தான். என் பிழைப்பு போகிறது, இவளுக்குத் தூக்கம் வருகிறதா?

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி கன்னத்தில் கை வைத்துக் காட்டி, அப்புறம் ஒரு சாண் அளந்து காட்டினாள்.

மெத்தை.

ஒரு சாண் மெத்தையை வைத்தால் பலகை ஒரு சாண் முன்னால் வரும். தரையில் ஒட்டிய கோட்டை அவன் பின்னால் தள்ளவே இல்லை. தூரத்தை அளந்து பிழைக்கிறவன், சுவருக்குப் பயந்ததில் தூரத்தை மறந்திருந்தான். ஒரு வாரமாகக் கையைக் கிட்டத்து ஆட்டத்துக்குப் பழக்கியிருக்கிறான்.

கண்ணை மூடித் திறந்தான். வேண்டிய இடத்துக்கு இரண்டு விரல் மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தைக் குறிபார்த்து எறிந்தான். அம்பு இறங்கி, வளையத்துக்குள் போய் நின்றது.

நடுவருக்கு நம்பிக்கை வராமல் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கினார். மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் வந்து கை கொடுத்தாள். முகம் வாடித்தான் இருந்தது.

"அண்ணே, கடைசியில மட்டும் எப்படி மேல ஏத்தினீங்க?"

அரைவிரல் வெட்கத்தோடு குரலைத் தாழ்த்தினான். "வெளியில சொல்லிடாதேம்மா. வீட்ல சத்தம் கேக்கக் கூடாதுன்னு பலகைக்குப் பின்னால மெத்தை கட்டினேன். கோட்டைத் தள்ளி ஒட்ட மறந்துட்டேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"அட, நானும் அதேதாண்ணே பண்ணினேன். என்ன செய்யறது, எங்க பின்வீட்டுல ஒரு ஆளு இருக்கான். நான் மூணு எறிஞ்சா போதும், உடனே சுவத்துல மூணு தட்டு தட்டிடுவான்."

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்து போய்ப் படுங்கள். உங்கள் வீட்டுச் சுவர்கள் உறுதியாக நிற்கட்டும். சுவருக்கு இந்தப் பக்கம் சிரிப்பும், அந்தப் பக்கம் நல்ல மனிதர்களும் குறைவில்லாமல் இருக்கட்டும்.