கருப்பொருள் கண்ட பிரதாபன்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த நெருப்பு, வண்டிச்சில்லு, கொத்துரொட்டி எல்லாம் பிரதாபனின் ஆராய்ச்சிக்கு முன்னால் வெறும் தூசு. வன்னியில் அக்கராயன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு 'ஸ்மார்ட் போர்ட்' எனும் திறன்பலகை வந்தும் பிள்ளைகளுக்கு ஏன் கணக்கு ஓடவில்லை என்ற பெரும் மர்மத்தைத் துலக்க வந்தவன் அவன். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. அது 'ஆய்வு ஒழுக்கம்'.

அவன் கையிலெடுத்தது கருப்பொருள் பகுப்பாய்வு. சனம் கதைப்பதைப் பதிந்து, எழுதி, துண்டு துண்டாய் வெட்டி, துண்டுக்கொரு பெயர் வைத்து, நிறநிறத் தாள்களில் சுவர் முழுக்க ஒட்டவேண்டும். கடைசியில் சனம் சொன்னது சனத்துக்கே விளங்காத உயர்ந்த நிலையை அடையும். அதற்குத்தான் முதுமாணிப் பட்டம்.

திறப்புவிழாவுக்குப் பிறகு திறன்பலகையைத் தூசி படாமல் பெட்சீற்றால் போர்த்தியிருந்தார்கள். வாணி விழாவுக்கு மட்டும் போர்வையை விலக்கிச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். 'தொழினுட்பத்துடனான ஆன்மீகப் பிணைப்பு' என்று மஞ்சள் தாளில் எழுதிய பிரதாபனுக்குப் புல்லரித்தது.

முதல் பங்குபற்றுநர் அழகம்மா. மகள் ராஜினிக்கு இந்த வருஷம் சாதாரணதரப் பரீட்சை. கணக்கில் தவறினால் உயர்தரம் இல்லை, கார்மென்ட்ஸ் வேலைக்கு ஆள் ஏற்றும் பஸ்தான்.

"திறன்பலகை பற்றி உங்கட உணர்வு என்னம்மா?"

"நல்ல பலகைதான் தம்பி. முன்னால நின்னு கணக்கு சொல்லிக் குடுக்க ஒரு மாஸ்டர் இல்லையே."

"அதை விடுங்கோ. பலகையைப் பாக்கேக்க மனசில என்ன வருது?"

"மாஸ்டர் இல்லையேன்னுதான் வருது."

பச்சைத் தாளில் 'இன்மையின் இருப்பு' பிறந்தது.

வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்த வீரகத்தியும் மாஸ்டர் இல்லை என்றார். தையல் மெசினை விட்டு எழும்பாமலே ஜெயரூபியும் அதையே சொன்னாள். கலங்கிப்போன பிரதாபன் தன் மேற்பார்வையாளர் கலாநிதி சாரங்காவுக்குப் போன் எடுத்தான். அவா ஆறுதல் சொன்னா: எல்லாரும் ஒன்றையே சொன்னால் அதற்குப் பெயர் 'தரவுச் செறிவு', இனி ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. பிரதாபன் மெய்சிலிர்த்தான். ஊரே திரண்டு ஒன்றைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று விஞ்ஞானமே அனுமதி தருகிறது.

பெற்றோர் கூட்டத்தில் முடிவுகள் வெளியாகின. கருப்பொருள்கள் நான்கு, பரிந்துரை ஒன்று: இன்னொரு திறன்பலகை. அதிபர் கை தட்டினார். அழகம்மா கதிரையை விட்டு எழும்பினாள்.

"மாஸ்டர் கதை இதுல எங்க தம்பி?"

"நாலாவதில இருக்கம்மா. இன்மையின் இருப்பு."

"வேற மாஸ்டர் கேட்டா எடம் காலி இல்லேங்குறாங்க. ஆள் இருக்காராம், சம்பளமும் போகுதாம், படிப்பு லீவுல இருக்காராம். வேலைக்கு வந்த அன்னைக்கே கையெழுத்து வச்சிட்டு லீவுல போனது நீங்கதான்னு அதிபர் ஐயா இப்பதான் சொன்னாரு. எப்ப வருவீங்க, மாஸ்டர்?"

ஆய்வாளன் தன் சொந்தக் கதையை ஆய்வுக்குள் கலக்கக்கூடாது. இந்த விதியைப் பிரதாபன் அளவுக்குக் காத்தவன் வன்னியில் வேறொருவன் இல்லை. அறிக்கையில் ஓரிடத்திலும் அவன் கலக்கவில்லை. கூட்டத்திலும் கலங்கவில்லை.

"லீவை இன்னும் நீட்டியிருக்கம்மா," என்றான் அமைதியாக. "ஏன் மாஸ்டர் இல்லை எண்டதைத்தான் அடுத்ததா ஆராயப்போறன்."