தம்பிக்கு ஒரு லெதர் ஜக்கெற்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
புதன்கிழமை பின்னேரம்

அன்புக்குரிய பெறாமகன் றொஹானுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தை முன்னிட்டுக் கொழும்பிலிருந்து பெரியப்பா பீற்றர் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பெரியம்மா பிறிஜெற்றும் சுகம். அதுபோல அங்கு நீங்களும் சுகமாயிருக்க, என்று கை தானாகவே எழுதிக்கொண்டு போய்விட்டது, மகன். துறைமுகத்தில் காலமெல்லாம் கிளாக்கராக இருந்து கடிதம் எழுதிப் பழகிய கை. தகப்பனைப் பறிகொடுத்து நிற்கிற பிள்ளையிடம் சுகம் விசாரிப்பதற்கு அதற்கு வேறு முறை தெரியாது. ஆகையால் அந்த வரியை வெட்டாமல் விடுகிறேன். நீ சுகமாயிருக்க வேண்டும் என்பது பொய்யில்லைத்தானே.

விசயத்துக்கு வருகிறேன். மேல்வீட்டு ஷெல்டன் லீவு முடிந்து இன்றிரவு ரொறன்ரோவுக்குத் திரும்புகிறான். அவன் உன்னிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு ஜக்கெற் தருவான். கறுப்பு லெதர், உள்ளே செம்மறியாட்டு மயிர் வைத்துத் தைத்தது. சனிக்கிழமை அடக்கத்துக்கு உன் அப்பாவுக்கு அதைத்தான் உடுத்த வேண்டும். நீ போனில் சொன்ன நீலக் கோட்டு வேண்டவே வேண்டாம். அந்தக் கோட்டை எனக்குத் தெரியும், உன் கலியாண வீடியோவில் பார்த்தனான். வெங்காயத் தோல் மாதிரிச் சீலை. கலியாண ஹோலுக்குள் ஹீற்றர் இருந்திருக்கும், சரி. நிலத்துக்குக் கீழே ஆர் ஹீற்றர் போடுவது?

பெரியப்பாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நீ நினைக்கலாம். பெரியம்மாவும் அப்படித்தான் சொல்கிறாள். ஆனால் உன் அப்பாவை உனக்குத் தெரிவதற்கு முன்னமே எனக்குத் தெரியும். லியோவுக்குக் குளிர் என்றால் ஜென்மப் பகை. கொச்சிக்கடை வெயிலிலேயே சுடுதண்ணி இல்லாமல் குளிக்க மாட்டான். பள்ளிக்கூடத்தால் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது, கொண்டுபோன சேட்டு எல்லாவற்றையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டு, காலில் இரண்டு களிசானையும் ஏற்றி, அதற்கு மேல் கூடவந்த சுவாமியாரின் அங்கியை இரவல் வாங்கிச் சுற்றிக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்காமலே இருந்தவன். திரும்பி வந்து அம்மாவிடம், "நுவரெலியா நல்ல வடிவம்மா, யன்னலால பாத்தனான்" என்றான். அப்படிப்பட்டவனைத்தான் ஆண்டவர் பொறுக்கியெடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினார். போய் இறங்கிய நாளிலிருந்து அவன் போனில் கதைத்ததில் பாதி குளிர்தான். "அண்ணே, காது இருக்கோ எண்டு தடவிப் பாக்கிறன்" என்பான். அவனுடைய வெள்ளைக்கார முதலாளி உள்ளே மயிர் வைத்த ஒரு லெதர் ஜக்கெற் போட்டு வருவாராம், அதற்குள் காற்றே நுழையாதாம், கையில் சல்லி சேர்ந்ததும் அதேபோல ஒன்று வாங்க வேண்டுமாம். சேர்ந்த சல்லியில் உனக்கு ஹொக்கி மட்டை வாங்கினான். உன் தங்கச்சி ரொஷேலுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டான். எங்கள் அம்மாவின் ஒப்பரேசனுக்கு அனுப்பினான். ஜக்கெற் அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ஆளே போய்விட்டான்.

எனக்கு அங்கு வர வழியில்லை. விசா எடுக்க நாள் வேண்டும், செத்தவீடு விசாவுக்குக் காத்திருக்காது. பூசையைப் போனில் பார்க்க லிங்க் அனுப்பினாய், சந்தோசம். அந்த லிங்குக்குள்ளால நான் அவன்ர நெத்தியைத் தொடேலுமோ? பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் குடுக்கேலுமோ? மூத்தவன் நான். நான் போயிருக்க வேணும், அவன் வந்து தூக்கியிருக்க வேணும். ஒழுங்கு தலைகீழாப் போச்சு. அவனுக்குச் செய்ய எனக்கு மிஞ்சினது இந்த ஜக்கெற் ஒண்டுதான், அதை ஒழுங்காச் செய்ய வேணும் எண்டு வெளிக்கிட்டன்.

முதலில் வெள்ளவத்தைக்குப் போனேன். அங்கே காலி வீதி என்கிற பெருந்தெருவில் வெளிநாடு போகிறவர்களுக்கென்றே ஒரு கடை, கண்ணாடிக் கதவு, ஏசி. அங்கே நின்ற டிலக்ஷி என்ற பிள்ளை, தலையணைபோல் ஊதிய நைலோன் ஜக்கெற் ஒன்றைத் தூக்கிவந்து, "அங்கிள், இது எந்தப் பனிக்கும் தாங்கும், மெஷினில போட்டுத் தோய்க்கவும் ஏலும்" என்றது. "தோய்க்கிற தேவை வராது பிள்ளை, லெதர் காட்டுங்கோ" என்றேன். காட்டியது. நல்ல தோல் என்றால் நெருப்புப் பிடித்தாலும் சுருங்காது என்று துறைமுகத்தில் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். லைட்டரைக் கைநுனியில் பிடித்தேன். முழங்கை வரைக்கும் அப்பளம் மாதிரிச் சுருண்டுகொண்டு போய்விட்டது. றெக்சின்! கடை முழுக்கப் புகை, டிலக்ஷி ஐயோ ஐயோ என்று கையை உதறியது. முதலாளி ஓடிவந்து, "ஒயாட்ட பிஸ்ஸுத?" என்று சிங்களத்தில் என் மூளையைப் பற்றி விசாரித்தார். ஒற்றைக் கை ஜக்கெற்றை என் தலையிலேயே கட்டி அனுப்பினார்கள். பெரியம்மா அதை இப்போது மழை படாமல் தண்ணி மோட்டருக்குப் போர்த்தியிருக்கிறாள்.

பிறகு புறக்கோட்டைக்குப் போனேன். அங்கே நப்ரீஸ் என்று ஒரு முஸ்லிம் தம்பி, வெளிநாட்டுப் பழைய உடுப்புப் பொதிகளை உடைத்து விற்கிறவர். லெதர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"யாருக்கு அங்கிள்?"

"என்ர தம்பிக்கு."

"பைக் ஓடுறவரா?"

"இல்லை."

"அப்ப நடந்து திரியிற வேலயா, இருந்து செய்ற வேலயா?"

"படுக்கிற வேலை."

"நல்ல வேலதான்!" என்று சிரித்தார். "எத்தின வருசத்துக்கு இழுக்கணும்?"

"உலக முடிவு மட்டும்" என்றேன். நான் பகிடி விடவில்லை, மகன். நாங்கள் உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறவர்கள். கடைசி நாளில் எக்காளம் ஊதி எழுப்புகிற நேரத்தில் லியோ நடுங்கிக்கொண்டு எழும்பக் கூடாது.

அந்தத் தம்பியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "மவுத்தாகிட்டாரா அங்கிள்?" என்று மெதுவாகக் கேட்டார். ஓம், செத்துப்போனான் என்றேன். வாய்க்குள் ஏதோ ஓதினார். "எங்கட ஆக்கள்ட மையத்துக்குச் சுத்தி அடக்குறது வெள்ளத் துணி மட்டுந்தான், எந்தப் பணக்காரனா இருந்தாலும்" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருங்க, தேடிப் பாப்பம்" என்று ஏணியில் ஏறினார். அவர் இறக்கியதுதான் இந்த ஜக்கெற். தையல் இரட்டைத் தையல், சிப் பித்தளை, கக்கத்தில் ஒரு வெடிப்பில்லை. உன் அப்பாவும் நானும் ஒரே உயரம், ஒரே தோள் என்பதால் நானே போட்டுப் பார்த்தேன். சிப் கழுத்துவரை ஏறி, அங்கேயே இறுகிவிட்டது. புறக்கோட்டை மத்தியான வெயில், உள்ளே ஒரு முழுச் செம்மறியாடு, மேலே நான். மூட்டை தூக்குகிற நாட்டாமிமார் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, நப்ரீஸ் மெழுகுதிரியைத் தேய்த்துத் தேய்த்து இழுத்தார். கழன்ற பிறகு ஒரு யோசினை வந்தது. லியோவுக்கு என்னைவிட வயிறு கொஞ்சம் கூட, ஆனால் ஆஸ்பத்திரியில் வருத்தமாய்க் கிடந்த மாதங்களில் அது வற்றியிருக்கும், ஆகவே அளவு சரியாக வரும் என்று கணக்குப் பார்த்தேன். அந்தக் கணக்கைப் பார்த்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாட்டாமிமார் சிப் கழுத்தில் கடித்துவிட்டதாக்கும் என்று நினைத்தார்கள்.

கொழும்பில் எந்த ஜக்கெற் போட்டாலும் சூடுதான். குளிருக்குத் தாங்குமா என்று எங்கே போய்ப் பார்ப்பது? எங்கள் கோயிலில் பாடுகிற றமேஷ், முகத்துவாரத்தில் ஒரு மீன் குளிரறைக்குப் பொறுப்பாக இருக்கிறான். அவனைக் கெஞ்சி, ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். "கொஞ்ச நேரந்தான் அங்கிள்" என்று கதவைச் சாத்தினான், அந்நேரம் பார்த்து ஒரு லொறி வர, என்னை மறந்துபோனான். நின்று பார்த்தேன், நெஞ்சு கதகதவென்றிருந்தது. ஆனால் லியோ நிற்கப் போவதில்லையே. மீன் பெட்டிகளை வரிசையாகத் தள்ளி, அதன் மேல் மல்லாந்து படுத்து, கை இரண்டையும் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடினேன். அப்போதுதான் தெரிந்தது, குளிர் மேலால வாறதில்லை மகன், கீழால வருது. முள்ளந்தண்டைத் தேடிக்கொண்டு வருது. இத்தனை வருசமும் அவன் குளிர் எண்டு சொல்லேக்கை, "போத்துக்கொண்டு படடா" எண்டு சிரிச்சனான். போத்துறதால ஒண்டும் ஆகாது. என்ர தம்பி எப்பிடித்தான் அங்க இருந்தானோ, மாதாவே, எப்பிடித்தான் இருந்தானோ.

அந்த நேரத்தில் றமேஷ் கதவைத் திறந்தான். மீன் பெட்டிமேல் கைகட்டிக் கிடந்த என்னைக் கண்டு அவன் போட்ட சத்தத்தை அவன் கோயிலில் கூடப் போட்டதில்லை. வேலையாட்கள் எல்லாரும் ஓடிவந்து சிலுவை போட்டார்கள். விளக்கம் சொல்லலாம் என்று நான் எழும்பி இருந்தேன். எழும்பியிருக்கக் கூடாது. ஒருவன் அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினவன்தான், அடுத்த நாளும் வேலைக்கு வரவில்லையாம்.

ஆகையால் மிக முக்கியமான விசயம். இங்கே மலர்ச்சாலைகளில் உடலுக்குக் கோட்டுப் போடும்போது, கை மடங்காது என்று முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழே வெட்டிவிடுவார்கள். முன்னால் மாத்திரம் மாப்பிள்ளை மாதிரி இழுத்து ஒழுங்காக்கி விடுவார்கள், பார்க்கிறவருக்குத் தெரியாது. அங்கும் அப்படிச் செய்யக்கூடும். றொஹான், முதுகை வெட்ட விடாதே. காலைப் பிடித்துக் கேட்கிறேன். அவர்கள் உடுத்தும்போது நீ பக்கத்தில் நில், உன் கையால் அவனுடைய கையைப் பிடித்து மெல்ல நுழைத்துவிடு. முதுகில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரியம்மா, "செத்த மனிசனுக்குக் குளிருமே?" என்று என்னோடு சண்டை பிடித்தாள். "அப்ப ஏன் கையில செபமாலை குடுத்து அனுப்புறியள், செத்த மனிசன் செபிக்குமே?" என்று கேட்டேன். எழும்பி அறைக்குள் போய்விட்டாள். பிறகு பார்த்தால், ஜக்கெற்றின் உள்பக்கத்தில் விட்டுப்போயிருந்த தையலை ஊசியால் தைத்துக்கொண்டிருக்கிறாள், மூக்கையும் உறிஞ்சிக்கொண்டு. இன்னொன்று, ஜக்கெற்றில் லேசாக மீன் மணக்கும். மொட்டைமாடியில் காயப்போட்டேன், காகம் வந்ததுதான் மிச்சம். பவுடர் போட்டிருக்கிறோம். உன் அப்பா ஒன்றும் நினைக்க மாட்டான், ஹாபரடியில், மீன் வாடைக்குள் துறைமுகத்துப் பக்கத்தில் பிறந்தவன்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் ரொஷேலுக்கும் மாதாவின் காவலும் அந்தோனியாரின் துணையும் எந்நாளும் இருக்க மன்றாடுகிறோம். உன் அம்மாவும் இல்லாத வீட்டில் இப்போது நீதான் பெரியவன். நேரத்துக்குச் சாப்பிடு. சனிக்கிழமை அவனுடைய நெற்றியில் எனக்காகவும் ஒருதரம் கொஞ்சிவிடு.

இப்படிக்கு,
என்றும் உன் நன்மையை விரும்பும் பெரியப்பா,
பீற்றர்

பி.கு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டின பிறகுதான் உன்னுடைய போன் கோல் வந்தது, உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். "பெரியப்பா, புதைக்கப் போறேல்லை. டடியை எரிக்கத்தான் போறம். அவரே ஆஸ்பத்திரியில வைச்சுச் சொன்னவர், 'என்னை இந்தப் பனிக்குள்ள விட்டிட்டுப் போகாதேங்கோ, சாம்பலை அண்ணேட்டக் கொண்டுபோய்க் குடுங்கோ' எண்டு" என்று நீ சொன்னாய். அடே, இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் மீனுக்கு மேலே போய்ப் படுத்திருப்பேனா? போனை வைத்துவிட்டு நான் அழுத அழுகையில் பெரியம்மா மேல்வீட்டுக்காரரையும் கூப்பிட்டுவிட்டாள். அவன் வாறான். அம்மாவும் அப்பாவும் கிடக்கிற மாதம்பிட்டிச் சேமக்காலைக்கு என்ர தம்பி வாறான். ஷெல்டனை எயாப்போட்டுக்கு ஏற்றிப்போகிற வான் வாசலில் நிற்கிறது, வேறு கடிதம் எழுத நேரமில்லை. நீலக் கோட்டையே உடுத்து, முதுகை வெட்டினால் வெட்டட்டும், மேலே எழுதின ஒன்றையும் பார்க்காதே. ஜக்கெற் இனி அவனுக்கு எதுக்கு, நீயே போடு எண்டுதான் எழுத வந்தனான். ஆனால் ஷெல்டன் இப்ப சொல்லுறான், பிளேனில பெட்டியள் போடுற கீழ்ப்பக்கம் சரியான குளிராம். அப்பாவைக் கீழ போட்டிடாத மகன். ஜக்கெற்றால வடிவாச் சுத்தி, மடியில வைச்சுக்கொண்டு வா. நான் கட்டுநாயக்கா எயாப்போட்டில வந்து வாங்கிறன்.