மீன் குழம்புப் பொடியும் மூன்று நட்சத்திரக்காரரும்

மட்டாஞ்சேரி,
ஜூலை 2007

அன்புள்ள மைத்துனன் ஆனந்தகுமாருக்கு,

மட்டாஞ்சேரியிலிருந்து உன் அத்தான் ராஜப்பன் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா சரோஜம்மா, மகள் மஞ்சுஷா மூவரும் உடம்பளவில் சௌக்கியம். ஓசூரில் நீயும் ரோஜாவும் உடம்பு, மனசு இரண்டிலும் சௌக்கியமாக இருப்பீர்கள். இருக்கத்தானே செய்வீர்கள். கடையைத் திறந்து வைத்துவிட்டுப் போனவன் நீ, உள்ளே மாட்டிக்கொண்டவன் நான்.

போனில் சொல்லலாம் என்றால் ஷிப்டில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். கார்ப்பரேஷன் தண்ணீர்ப் பிரிவில் இருந்த காலமெல்லாம் புகார்க் கடிதம் வாங்கித்தான் எனக்குப் பழக்கம், எழுதிப் பழக்கமில்லை. முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள். நடுவில் மலையாளம் எட்டிப் பார்த்தாலும் பொறுத்துக்கொள், பிறந்து வளர்ந்த ஊர் அப்படி. விஷயம் இவ்வளவுதான்: இன்டர்நெட்டில் நீ திறந்த கடையை நீயே வந்து மூட வேண்டும். பொடி விற்க மஞ்சுஷா போதும், கணக்கு உன் பெயரில் இருப்பதால் கடையை மூடுவதற்கு மட்டும் நீ வேண்டுமாம். ஏன் மூட வேண்டும் என்று கேட்பாய். சொல்கிறேன், உட்கார்ந்து படி. எனக்குத்தான் உட்கார முடியவில்லை, இதைக்கூட ஜன்னல் திண்டில் தாளை வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு நீ வந்தபோது உன் அக்கா வைத்த அயிலை மீன் குழம்பை மறுபடி மறுபடி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, இந்தப் பொடியை இந்தியா முழுக்க விற்கலாம் என்று ஆரம்பித்தாய். அவள் முறத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டோ எடுத்தாய். மஞ்சுஷா வேலை பார்க்கும் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து கடையைத் திறந்தாய். 'மட்டாஞ்சேரி சரோஜம்மா மீன் குழம்புப் பொடி' என்று பெயரும் வைத்தாய். மறுநாள் பஸ் ஏறிவிட்டாய். பொய் சொல்லக்கூடாது, முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வாங்கியவர்கள் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவார்கள் என்று நீ சொன்னதை உன் அக்கா பிடித்துக்கொண்டாள். மஞ்சுஷா வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், மத்தி என்ன விலை என்று மீன்காரியிடம் கேட்கிற மாதிரி, இன்றைக்கு எத்தனை நட்சத்திரம் என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

நட்சத்திரத்தோடு யோசனையும் வரும் என்பதை மட்டும் நீ சொல்லாமல் விட்டுவிட்டாய். புனாவிலிருந்து ஒரு அம்மாள், போட்டோவில் இருப்பவர் கொஞ்சம் சிரித்தால் வியாபாரம் கூடும் என்று எழுதினார். உன் அக்கா அன்று முழுக்கச் சிரிக்கவில்லை. நாக்பூரிலிருந்து விஸ்வேஸ்வரன் என்பவர், பொடியை முழுதும் சலித்துப் பார்த்துவிட்டேன், மீன் துண்டு ஒன்றுகூட இல்லை, அடுத்த முறை கவனமாகப் போடவும் என்று எழுதினார். மீனை நீங்கள்தான் வாங்கிப் போட வேண்டும் என்று பதில் அனுப்பினோம். அப்படியானால் அதைக் கவரிலேயே அச்சடிக்கலாமே என்று அதற்கும் ஒரு யோசனை வந்தது. இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். ராமபத்ரனைத்தான் சமாளிக்க முடியவில்லை.

பெங்களூர்க்காரர். நிலம் அளக்கிற இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். வாங்கிய முதல் பாக்கெட்டுக்கே இங்கிலீஷில் நீளமாக ஒரு கடிதம். மஞ்சுஷா அதை அச்செடுத்து வந்து சாப்பாட்டு நேரத்தில் வாசித்து அர்த்தம் சொன்னாள். பிளாஸ்டிக் கவரில் பொடி மூச்சுமுட்டுகிறதாம், துணிப்பையில் போடச் சொன்னார். கடைசி வரியில், மூன்று நட்சத்திரம், முன்னேற்றத்துக்கு இடமுண்டு, என்றிருந்தது. படித்த மனுஷர் சொல்கிறாரே என்று நானும் துணி எடுத்துப் பை தைக்கக் கொடுத்தேன். அந்தப் பைகள் போன கூரியர் சாக்கில் கொச்சிக் கோட்டைப் பக்கத்துக் கல்யாண வீட்டுக்காரர்களின் பத்திரிகைக் கட்டும் இருந்திருக்கிறது. துணி வழியாகப் பொடி இறங்கி, பத்திரிகையெல்லாம் சிவந்து, பிரித்தவர்களெல்லாம் தும்மி, கல்யாணத்துக்கு மீன் சாப்பாடு உண்டா என்று பெண் வீட்டுக்கு விசாரணை போயிருக்கிறது. கூரியர் ஆபீஸ் விபின் என்னைக் கூப்பிட்டுவிட்டு, சேட்டா, இனி இந்தப் பையைக் கொண்டு இந்தப் படி ஏறக்கூடாது என்று கையைக் கூப்பினான்.

நடந்ததை ராமபத்ரனுக்கு மஞ்சுஷா பணிவாக எழுதினாள். அவர் அசரவில்லை. அப்படியானால் தகர டப்பா என்று பதில் வந்தது. பஜார் ரோட்டில் அலைந்து டப்பா வாங்கினேன். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்று அவரே குறிப்பு எழுதியிருந்ததால் சுத்தியலால் தட்டி மூடினேன். அந்த மூடி அதற்குப் பிறகு யாருக்கும் திறக்கவில்லை. புனா அம்மாள் திருப்புளியைக் கொடுத்து நெம்பியிருக்கிறார். பொடி மேலே போய் மின்விசிறியில் பட்டு வீடு முழுக்க இறங்கியிருக்கிறது. ஒரு நட்சத்திரம். உன் அக்காவின் பொடிக்கு ஒரு நட்சத்திரம். அவள் அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள். ராமபத்ரனோ மறுபடி மூன்றே போட்டு, முன்னேற்றம் தெரிகிறது என்று எழுதியிருந்தார்.

அதோடு நிற்கவில்லை. பொடியில் காரத்தைக் குறைக்கலாம், ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்றார். அதைச் சரோஜம்மாவிடம் சொன்னபோது அவள் அம்மிக்குழவியைக் கீழே வைத்தாள். "கவரு உங்க இஷ்டம். துணில போடுங்க, டப்பால போடுங்க. பொடில ஆரும் கை வெக்கண்டாம்" என்றாள். அந்தப் பதிலை மஞ்சுஷா எப்படி இங்கிலீஷாக்கினாளோ, அவர் அதற்கு நன்றி தெரிவித்திருந்தார். பிறகு நம் வீட்டுப் போன் நம்பர் கிடைத்துவிட்டது அவருக்கு. நான் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து அடிப்பார். அங்கே வெயில் எப்படி, மிளகாய் காய்கிறதா, பாயை இழுத்துப் போட்டீர்களா என்று கேட்பார். மழை வந்தால் அவர் பெங்களூரில் கவலைப்படுவார், நான் இங்கே மொட்டை மாடிக்கு ஓடுவேன். பொடி விற்கிறேனா, அவரிடம் வேலைக்கு நிற்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாசம் தவறாமல் பொடியும் வாங்கிக்கொண்டிருந்தார். அதனால் விரட்டவும் வழியில்லை.

மே மாசத்தில் ஒரு மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. தோளில் பை, கையில் குடை, நெற்றி முழுக்க வியர்வையோடு ஒல்லியாக ஒருவர் இறங்கினார். எர்ணாகுளத்திலிருந்து போட்டில் வந்தாராம். தன் பெயர் ராமபத்ரன் என்றார். நான் வாங்க என்று சொல்வதற்குப் பதிலாக வாய் தவறி, மூணு நட்சத்திரம் என்று சொல்லிவிட்டேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மிளகாய் எங்கே காய்கிறது என்று கேட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் மாடி ஏறிவிட்டார். பாய் விரித்திருந்த திசை தப்பு, மல்லிக்கும் மிளகாய்க்கும் நடுவில் இடைவெளி போதாது, முறத்தை வைக்க வேண்டிய இடம் வேறு என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். உன் அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் பாயைச் சுருட்ட, அவரும் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து மிளகாயை இரண்டு கையாலும் அள்ளினார். நன்றாகத்தான் அள்ளினார், பாவம். அந்தக் கையாலேயே முகத்து மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கே கண் எரிகிறது. கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்து, உன் அக்கா சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டுக் கண்ணைக் கழுவி, ஈரத்துண்டைக் கட்டி நாற்காலியில் உட்கார வைத்தாள். கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த நிலையிலும் அவர், சமையலறைக் கதவு இந்தப் பக்கம் திறந்தால் காற்று வரும் என்றார்.

"சாரே, மதி, போதும்" என்றாள் சரோஜம்மா. "நீங்க பறஞ்சதெல்லாம் நாங்க கேட்டாச்சு. இனி நான் கொஞ்சம் சொல்லட்டும்."

ஆனந்தகுமார், நான் அவளைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்குக் கூட்டி வந்த நாளிலிருந்து அவள் இத்தனை பேசிக் கேட்டதில்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதில் ஆரம்பித்தாள். இந்த வயசில் இந்த வெயிலில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் மாடி ஏறக்கூடாது என்றாள். கன்னம் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் ராத்திரிச் சாப்பாடு சரியில்லை என்று தெரிகிறது என்றாள். யார் சமைக்கிறார்கள் என்று கேட்டாள். தானே என்றார். யார் சாப்பிடுகிறார்கள் என்றாள். தானே என்றார். பிள்ளைகள் வெளியூரில், போன் பண்ணினால் சுருக்கமாகப் பேசிவிட்டு வைத்துவிடுவார்களாம். என்ன மீன் போட்டுக் குழம்பு வைக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். ஈரத்துண்டை லேசாகத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை, கத்தரிக்காய் போட்டு ஒரே ஒரு தரம் வைத்தேன், மீதிப் பாக்கெட்டெல்லாம் அலமாரியில் இருக்கிறது என்றார்.

எனக்குத் தலை சுற்றிவிட்டது. மீனே தின்னாத மனுஷர் மீன் குழம்புப் பொடிக்கு மாசாமாசம் மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறார். அதை நம்பி நான் பை தைத்து, டப்பா வாங்கி, விபின் காலில் விழாத குறையாக நின்றிருக்கிறேன்.

"பின்னே எதுக்கு சாரே மாசாமாசம் வாங்குறீங்க?" என்று கேட்டாள் சரோஜம்மா.

"வாங்கினாத்தானேம்மா எழுத முடியும்" என்றார் அவர். "வாங்காதவன் எழுதினா அது அதிகப்பிரசங்கித்தனம் ஆயிடும். உங்க பொண்ணு ஒவ்வொரு தடவையும் பதில் எழுதறா. நான் கேட்டதுக்கெல்லாம் வரிக்கு வரி பதில் எழுதறா."

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மஞ்சுஷா சமையலறையில் கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. சரோஜம்மா விடவில்லை. சாப்பிடாத பொடியை வாங்கி அடுக்கி வைப்பது தின்கிற பொருளுக்குச் செய்கிற அவமரியாதை என்றாள். இனிமேல் அவருக்குப் பொடி அனுப்பக்கூடாது என்று அங்கேயே மஞ்சுஷாவைக் கூப்பிட்டு உத்தரவு போட்டாள். பிறகு உள்ளே போய் அதே பொடியில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்து இலை போட்டாள். மனுஷர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். நான் வைத்தது இப்படி வரவில்லையே என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் போட் ஏறுகிற ஜெட்டித் துறைவரை நான் கொண்டுபோய் விட்டேன். வழியில் குழி, சாக்கடை மூடி, கோணலாக நிற்கிற விளக்குக் கம்பம் எல்லாம் இருந்தன. ஒன்றுக்கும் அவர் யோசனை சொல்லவில்லை. நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பி நடந்தேன்.

ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை, அதுதான் ஆச்சரியம். காலையில் இன்டர்நெட் சென்டருக்குப் போய் வாசலில் நிற்கிறேன். மஞ்சுஷா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டுகிறாள். ஜெட்டிவரை நடக்கிறேன், திரும்புகிறேன், ஒரு சாயா குடிக்கிறேன், மறுபடி போய் நிற்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் போன் பக்கம் காது போகிறது. உன் அக்காவும் போன வாரம் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள், அவளா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடை நமக்கு ஒத்துவரவில்லை. நட்சத்திரமும் வேண்டாம், யோசனையும் வேண்டாம், யாரும் எழுதவும் வேண்டாம். லீவு போட்டுவிட்டு ஒரு நடை வந்து மூடிவிட்டுப் போ.

ரோஜாவுக்கு என் அன்பைச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், அடுத்த தடவை வரும்போது மூன்று பேராக வந்து நிற்க வேண்டும் என்று உன் அக்கா விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்,
ராஜப்பன்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். கடையை மூடாதே. கடிதத்தை உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த சார் பின்னே எழுதவே இல்லையே" என்று மட்டும் சொன்னாள். ஜெட்டியில் போட் ஏறியவர்தான், அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை, போனும் இல்லை. அடித்தாலும் எடுப்பதில்லை. பொடி வாங்காமல் எழுத மாட்டார், அப்படிப்பட்ட மனுஷர். பொடி கிடையாது என்று சொன்னவர்கள் நாங்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் உனக்குப் பக்கம்தானே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா. விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் அனுப்பினோம் என்று சொல்லாதே. நேற்று மஞ்சுஷாவிடம் சொல்லிப் புது லேபிள் அடித்து, அதைப் போட்டோ எடுத்துக் கடையில் பெரிதாகப் போட்டிருக்கிறோம். 'மீன் குளம்புப் பொடி' என்று இருக்கும். மீனுக்கு ஏது குளம்பு, அது எங்களுக்கும் தெரியும். உன் அக்காவின் யோசனை அது. அவர் கேட்டால் பொடி அனுப்பலாம் என்றும் சொல்லிவிட்டாள். பார்த்தவுடன் உனக்குக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து நீ திருத்திவிடாதே. அவர் எழுதட்டும்.